சர்க்கஸ் நோட்டீஸைச் சேர்த்து வைத்தவர்கள்

சர்க்கஸுக்கு இன்று ஒரு வரலாறு இருக்கிறதென்றால் அதை நமக்குக் கொடுத்தவர்கள் ரசிகர்கள். ஆட்டம் பார்க்கப் போய், முடிந்ததும் நோட்டீஸையும் டிக்கெட் துண்டையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்கள். இதை நான் அழுத்தித்தான் சொல்கிறேன். கொழும்பில் எங்கள் பெரியவர்களிடம் பழைய சர்க்கஸ் கதையை எடுத்துப் பாருங்கள், முகமெல்லாம் மலர்ந்துவிடும். இந்தியாவிலிருந்து வந்த கூடாரம், சிங்கம், உயரத்தில் பார் விளையாட்டு, மரணக் கிணற்றுக்குள் சுற்றிய மோட்டார் சைக்கிள் என்று இருந்த இடத்தை விட்டு எழும்பாமல் பேசுவார்கள். ஆனால் ஒரு துண்டுக் காகிதமாவது இருக்கிறதா என்று கேட்டால் யாரிடமும் இல்லை. எந்த வருஷம் என்றால், "சின்னவள் பிறக்க முதல்" என்று பதில் வரும்.

இதே காலத்தில் வேறு நாடுகளில் என்ன செய்தார்கள் என்று படிக்கத் தொடங்கித்தான் எனக்கு இந்த ஆதங்கம் பிடித்தது.

பிரித்தானியாவில் 1934 இல் சர்க்கஸ் நண்பர்கள் சங்கம் என்று ஒன்று தொடங்கியது. சர்க்கஸ் நடத்தும் முதலாளிகளுக்கோ கலைஞர்களுக்கோ ஆன தொழிற்சங்கம் இல்லை அது, சர்க்கஸ் என்றால் உயிரை விடும் பார்வையாளர்களின் சங்கம். 'கிங் போல்' என்று ஒரு சஞ்சிகை நடத்தினார்கள், கூடாரத்தைத் தாங்கும் நடுக்கம்பத்தின் பெயர் அது. அமெரிக்காவில் இன்னும் முன்பே, 1926 இல், ரசிகர் சங்கம் வந்துவிட்டது. ஊர்க் கிளைகளுக்கு 'கூடாரம்' என்றே பெயர் வைத்து அவ்வளவு ஆசையாக நடத்தியிருக்கிறார்கள். 1939 இல் அங்கேயே சர்க்கஸ் வரலாற்றுக்கென்று தனியாக இன்னொரு கழகம். பிரான்ஸில் 1949, ஜெர்மனியில் 1955.

சர்க்கஸ் நிறுவனங்களே ஏன் தங்கள் காகிதங்களை வைத்திருக்கவில்லை என்று கேட்கலாம். கொஞ்சம் யோசித்தால் விளங்கும். சில நாளுக்கு ஒரு ஊர், சில இடங்களில் ஒரே நாளில் கூடாரம் அடித்து ஆட்டம் காட்டி அன்றிரவே பிரித்துக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர். வண்டியில் இடம் கம்பத்துக்கும் துணிக்கும் மிருகங்களுக்கும் தீனிக்கும். போன வருஷத்து நோட்டீஸை யார் சுமப்பது? சுவரொட்டியும் அப்படித்தான், ஒட்டுவதற்கு அடிக்கப்பட்டது, அடுத்த கிழமை அதற்கு மேல் இன்னொன்று ஒட்டப்படும், மழையில் கரையும். ஒட்டப்படாமல் மிஞ்சிய பிரதிகளோ, கடைக்காரர் யாராவது உள்ளே எடுத்து வைத்ததோதான் இன்று நூதனசாலைகளில் இருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. பழைய சர்க்கஸ் சுவரொட்டிகளில் பெரும்பாலும் வருஷம் இருக்காது. கிழமையும் திகதியும் மட்டும் இருக்கும், பல நேரம் அதுவும் படத்தோடு சேர்த்து அச்சடிக்காமல் தனியாக ஒரு தாளில் அடித்துக் கீழே ஒட்டப்பட்டிருக்கும், அது கிழிந்து போயிருந்தால் எந்த ஊர், எந்த நாள் என்பது தெரியவே தெரியாது. இங்கேதான் ரசிகர்களின் வேலை தொடங்குகிறது. இன்ன நாள் இன்ன ஊர் என்று ஒரு கம்பனி போன பாதையைப் பட்டியல் போட்டு வைத்திருப்பார்கள். அமெரிக்கக் கம்பனிகள் சில ஒவ்வொரு பருவத்துக்கும் வழிப் புத்தகம் என்று ஒன்று அச்சிட்டன, மழை பெய்ததா, கூட்டம் வந்ததா, யார் விழுந்து அடிபட்டது, எந்தக் குதிரை செத்தது எல்லாம் அதில் இருக்கும். இதையும் உள்ளூர்ப் பத்திரிகை விளம்பரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, புதன்கிழமை பதினான்காம் திகதி எந்த வருஷத்தில் வந்தது, அந்த வருஷத்தில் இந்தக் கலைஞர் இந்தக் கம்பனியில் இருந்தாரா என்று ஒவ்வொன்றாகப் பிடித்து ஒரு காகிதத்துக்கு வருஷம் கண்டுபிடிப்பார்கள். சம்பளம் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் செய்த வேலை இது. இன்று முனைவர் பட்டம் எடுப்பவர்கள் அதன் மேல் ஏறி நின்றுதான் எழுதுகிறார்கள்.

ஒரு காகிதம் தப்பினால் என்ன நடக்கும் என்பதற்கு பாப்லோ ஃபாங்க் ஒரு உதாரணம். இங்கிலாந்தின் நோரிச் ஊரில் பிறந்த கறுப்பின மனிதர், இயற்பெயர் வில்லியம் டார்பி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சொந்தமாகச் சர்க்கஸ் நடத்தி நாடெல்லாம் பெயர் எடுத்தவர், 1871 இல் இறந்தார். பிறகு பொதுமக்கள் அவரை மறந்தே போனார்கள். 1843 இல் ரொச்டேல் ஊரில் அவர் நடத்திய ஆட்டத்தின் சுவரொட்டி ஒன்று 1967 இல் ஒரு பழம்பொருள் கடையில் பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜோன் லெனன் கண்ணில் பட்டது, அவர் அதை வாங்கி, அதில் இருந்த வரிகளை எடுத்தே ஒரு பாட்டு எழுதினார். ஒரே ஒரு தாள். அது அடுப்புக்குப் போயிருந்தால் உலகத்தில் இத்தனை கோடிப் பேர் அந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

சரி, சேர்த்தால் மட்டும் போதுமா? போதாது. பிரித்தானியச் சங்கத்தின் சேகரிப்பு இன்று ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே 1994 இல் கார்னிவல் கலைகளுக்காகத் தொடங்கிய தேசிய ஆவணக்காப்பகம் பிறகு சர்க்கஸையும் சேர்த்துக்கொண்டது. படம், நிகழ்ச்சித்தாள், சுவரொட்டி எல்லாம் பட்டியலிடப்பட்டு, யாரும் போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்ற நிலைக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவில் சான் அன்டோனியோ நகரத்தில் ஹாரி ஹெர்ட்ஸ்பெர்க் என்ற வழக்கறிஞர், ரசிகர் சங்கத்தின் முன்னணி ஆள், வாழ்நாள் முழுதும் சேர்த்ததை 1940 இல் இறக்கும்போது நகர நூலகத்துக்கு எழுதி வைத்தார். அது சர்க்கஸ் நூதனசாலையாகவே பல காலம் நடந்தது, ஆனால் 2001 இல் மூடிவிட்டார்கள். பொருட்கள் வேறொரு நூதனசாலைக்குப் போனதால் தப்பின. தனி ஆளின் சேகரிப்பு அவர் பிள்ளைகள் காலத்தில் என்ன ஆகும் என்பது எப்போதுமே கேள்விதான். அதனால்தான் தனி ரசிகரை விடச் சங்கம் முக்கியம் என்று நினைக்கிறேன், சங்கத்தை விட ஒரு நிலையான நிறுவனம் முக்கியம்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை, நமக்கென்ன என்று நினைத்தால் இதைக் கேளுங்கள். 1850 இல் அமெரிக்காவின் பெரிய காட்சி முதலாளி பி. டி. பார்னம் கூட்டாளிகளோடு சேர்ந்து யானை கொண்டுவர ஒரு கப்பலை எங்கே அனுப்பினார்? இலங்கைக்கு. 1851 இல் அந்த யானைகள் நியூயோர்க் போய் இறங்கின, பிராட்வே தெருவில் வண்டியில் பூட்டி ஊர்வலமாக நடத்தினார்கள், பிறகு நாடு முழுக்க ஊர் ஊராகக் காட்டினார்கள். அதில் ஒன்றைப் பார்னம் தன் பண்ணையில், ரயில் பாதைக்குப் பக்கத்து வயலில், ரயில் போகும் நேரம் பார்த்து ஏர் உழ விட்டார், பயணிகள் பார்த்தால் அதுவே விளம்பரம் என்று. நம் காட்டு யானை அமெரிக்காவில் ஏர் உழுதிருக்கிறது. அந்த யானைகளோடு அவற்றைப் பழக்கத் தெரிந்த ஒருவரும் இங்கிருந்து கப்பல் ஏறினார், பார்னம் தன் வாழ்க்கைக் கதையில் அவரைப் பெயர் சொல்லாமலே கடந்து போகிறார். சிங்களவரா, தமிழரா, முஸ்லிமா, எந்த ஊர், திரும்பி வந்தாரா, ஒரு வரி இல்லை. இதைப் படித்த நாளிலிருந்து அந்த மனிதரை என்னால் மறக்க முடியவில்லை.

தெஹிவளை மிருகக்காட்சிசாலையின் வேரும் இதே உலகத்தில்தான் இருக்கிறது. ஹம்பர்க் நகரத்தில் மிருக வியாபாரமும் சர்க்கஸும் நடத்திய கார்ல் ஹேகன்பெக்கின் மாற்றாந்தாய்ச் சகோதரர் ஜோன் ஹேகன்பெக் கொழும்பில் வந்து குடியிருந்தவர், அவர் தெஹிவளையில் வைத்திருந்த மிருகங்களைத்தான் அவரது கம்பனி நொடித்துப் போன பிறகு 1936 இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடச் சுற்றுலா போகாத கொழும்புப் பிள்ளை இல்லை அங்கே, ஆனால் இந்தக் கதையை யாரும் சொல்லித் தருவதில்லை. இதே ஹேகன்பெக் குடும்பம் 1880களில் யானைகளோடு இலங்கை மனிதர்களையும் கூட்டிக்கொண்டு போய் ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு வைத்தது. நடனக்காரர், பாகன், கைவினைஞர், பெண்கள், குழந்தைகள். காசு கொடுத்து வந்து பார்த்திருக்கிறார்கள். அதற்கான சுவரொட்டிகளும் படங்களும் ஐரோப்பாவில் பத்திரமாக இருக்கின்றன. முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன, கீழே பெயர் இருக்காது, 'சிலோன்' என்று மட்டும் இருக்கும்.

இங்கேதான் ரசிகர் சேகரிப்புகளின் மேல் எனக்குக் கோபமும் வருகிறது. முதலாளி பெயர், சிங்கத்தை அடக்கியவர் பெயர், நட்சத்திரக் கலைஞர் பெயர் எல்லாம் இருக்கும். கூடாரம் அடித்தவன், லாயம் கூட்டியவன், சமையல்காரன், வலை பிடித்தவன் பெயர் இருக்காது. ரசிகன் எதைப் பார்த்து மயங்கினானோ அதைத்தான் சேர்ப்பான். அது இயல்பு, ஆனால் அதை அப்படியே வரலாறு என்று எடுத்துக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை.

மிருக விஷயமும் அப்படித்தான். பிரித்தானியாவில் வித்தை காட்டும் மிருகங்களுக்கான கட்டுப்பாட்டுச் சட்டம் 1925 இல் வந்தது, அந்த விவாதம் சூடாக நடந்த காலத்தில் பிறந்ததுதான் அங்கத்தைய சர்க்கஸ் நண்பர்கள் சங்கம், அவர்கள் மிருக ஆட்டங்களுக்கு ஆதரவாகத்தான் நின்றார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. 2019 இல் இங்கிலாந்து சர்க்கஸில் காட்டு மிருகங்களைத் தடை செய்து சட்டம் இயற்றியது சரி. இந்தியா 1998 இல் சிங்கம், புலி, கரடி, சிறுத்தை, குரங்கு ஆட்டங்களைத் தடுத்ததும் சரி, 2011 இல் உச்ச நீதிமன்றம் சிறுவர்களைச் சர்க்கஸில் சேர்க்கக் கூடாது என்றது அதை விடச் சரி. ஆனால் பிழை நடந்தது என்பதற்கான சாட்சியும் இந்தச் சேகரிப்புகளில்தானே இருக்கிறது? கூண்டு எவ்வளவு சின்னது, பாரில் தொங்கும் பிள்ளைக்கு எத்தனை வயது இருக்கும் என்பதை அந்தப் படங்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வெட்கப்பட்டு எறிந்துவிட்டால் நாளைக்கு அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று யாரும் சொல்லலாம்.

கொழும்புக்காரர் பேசும் அந்த இந்தியச் சர்க்கஸுக்கு வருவோம். விஷ்ணுபந்த் சத்ரே 1880 இல் பம்பாயில் முதல் இந்தியச் சர்க்கஸை மேடையேற்றினார். கேரளத்துத் தலச்சேரியில் களரியும் உடற்பயிற்சியும் சொல்லிக் கொடுத்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901 இல் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார், அதன் பிறகு தலைமுறை தலைமுறையாக இந்தியக் கூடாரங்களில் ஊஞ்சலில் பறந்தவர்களில் பெரும் பங்கு அந்த ஒரு வட்டாரத்துப் பிள்ளைகள். அவருடைய மாணவர் ஒருவர் கண்ணன் பொம்பாயோ என்ற பெயரில் கயிற்றில் துள்ளும் வித்தை காட்டி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1930களில் புகழ் பெற்றார். அவரைப் பற்றித் தெரிந்துகொள்ளவும் வெளிநாட்டு நிகழ்ச்சித்தாள்களைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. 2010 இல் கேரள அரசாங்கம் தலச்சேரியில் ஒரு சர்க்கஸ் அகடமி திறந்தது, நல்ல காரியம். கீலேரியின் மாணவர் பரம்பரையில் யார் யார் இலங்கைக்கு வந்து ஆடினார்கள் என்பதை எழுத வேண்டியவர்கள் நாம். அவர்கள் பாதையின் இந்த முனையில் உட்கார்ந்திருந்து கைதட்டியது நம் ஆட்கள்தான்.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனை வீட்டு அல்பங்கள் வீட்டோடு எரிந்தன என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் கொழும்புத் தமிழர் வீடுகளில் பழைய காகிதம் குறைவு என்பதை நான் ஏற்கிறேன். மிஞ்சியதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போத்தல்-பேப்பர் ஆளிடம் போகிறது. வீடு மாறும்போது, பிள்ளைகள் கனடாவுக்கோ லண்டனுக்கோ கூப்பிடும்போது, அலுமாரியைச் சுத்தம் செய்யும்போது. ஆனால் நம்மிடமும் சேர்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். 2005 இல் தொடங்கிய நூலகத் திட்டத்தில் தன்னார்வலர்கள் புத்தகம், பத்திரிகை, துண்டுப்பிரசுரம் என்று எவ்வளவோ ஈழத்து எழுத்தை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். பழைய வீரகேசரி, தினகரன் தாள்களில் விளம்பரப் பக்கத்தை மட்டும் பொறுமையாகத் தேடும் நாலு பேர் சேர்ந்தாலே எந்தக் கம்பனி எந்த வருஷம் எந்த மைதானத்தில் கூடாரம் அடித்தது என்று ஒரு பட்டியல் கட்ட ஆரம்பிக்கலாம். பெரிய சங்கம், தலைவர், பொன்னாடை எதுவும் வேண்டாம். நான் ஒருவன் தயார். சனிக்கிழமைகளில் தேசிய சுவடிக்கூடத்துக்கு வரக்கூடியவர்கள், சிங்களப் பத்திரிகை வாசிக்கத் தெரிந்தவர்கள், கீழே எழுதுங்கள். சிங்கள நண்பர்களையும் கூப்பிடுங்கள், கூடாரத்துக்குள் எல்லாரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருந்தோம்.

வீட்டில் சர்க்கஸ் நோட்டீஸோ டிக்கெட்டோ படமோ இருந்தால் மூலத்தை யாருக்கும் தூக்கிக் கொடுக்க வேண்டாம், ஸ்கேன் செய்து அனுப்புங்கள். இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள், திகதியும் ஆட்களின் பெயரும் பேனையால் பின்பக்கத்தில் எழுதியிருக்கக் கூடும். அம்மம்மாவோ தாத்தாவோ கூட்டிப் போன கதை இருந்தால் ஃபோனில் பதிவு செய்யுங்கள். அப்படிப் பதிவு செய்யும்போது சிங்கத்தைப் பற்றிக் கேட்டு முடித்த பிறகு, டிக்கெட் கொடுத்தது யார், கூடாரம் அடிக்க உள்ளூரில் யாரைக் கூலிக்குப் பிடித்தார்கள், அவர்களுக்குச் சோறு எங்கே சமைத்தார்கள் என்றும் கேளுங்கள்.