ஸ்டாண்டப் யாருக்காக?

"நோ பிளாக்கர்ஸ்", அதாவது வேலைக்குத் தடை எதுவும் இல்லை. ஐடியில் தினமும் காலையில் கூசாமல் சொல்லப்படும் பொய் இதுதான். டெஸ்ட் சர்வர் ரெண்டு நாளாகப் படுத்துக் கிடக்கும். ஏபிஐ (ஒரு சாஃப்ட்வேர் இன்னொன்றோடு பேசும் வழி) தர வேண்டிய டீம் மெயிலுக்குப் பதிலே போட்டிருக்காது. ஆனாலும் ஸ்டாண்டப்பில், அதாவது டீம் தினமும் கூடும் அந்தக் குட்டி மீட்டிங்கில், யாரும் வாய் திறப்பதில்லை. திறந்தால், "நேத்தே ஏன் எஸ்கலேட் பண்ணலை?" என்று மேனேஜர் ஆரம்பிப்பார். எதற்கு வம்பு?

இதைப் பார்த்துவிட்டு, ஸ்டாண்டப்பை உள்ளடக்கிய ஸ்க்ரம் என்ற டீம் வேலைமுறையே வேஸ்ட் என்று திட்டுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதை உருவாக்கிய கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் எழுதிய ஸ்க்ரம் கைடை ஒருமுறை படித்துப் பாருங்கள். 2020 நவம்பர் பதிப்பு சின்னதுதான், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பாதி முடிந்துவிடும். ஸ்டாண்டப்புக்கு அதில் டெய்லி ஸ்க்ரம் என்று பெயர். அது 15 நிமிடம், டெவலப்பர்களுக்கானது என்கிறது. ஸ்பிரிண்ட் என்ற குறுகிய கால வேலைச் சுற்றின் கோலை (இலக்கை) நோக்கி எங்கே நிற்கிறோம் என்று அவர்களே பார்த்து, அடுத்த ஒரு நாள் வேலையை மாற்றி அமைத்துக்கொள்ளத்தான் அந்தச் சந்திப்பு. நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், என்ன தடை என்ற மூன்று கேள்விகளையும் அந்தப் பதிப்பில் தூக்கியே விட்டார்கள். நாம்தான் இன்னும் பள்ளிக்கூட அட்டெண்டன்ஸ் மாதிரி வரிசையாக ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம். அப்ரைசலில் கழுத்தைப் பிடிக்கிற ஸ்டோரி பாயிண்ட் (வேலையின் அளவுக்குப் போடும் மதிப்பெண்), வெலாசிட்டி (ஒரு ஸ்பிரிண்டில் டீம் முடிக்கும் பாயிண்ட்) இரண்டும் அந்தக் கைடில் எங்குமே கிடையாது.

நான் டெஸ்டிங்கில் இருப்பவள். ரெண்டு வார ஸ்பிரிண்ட் என்றால் முதல் வாரம் எங்களுக்குப் பெரிதாக வேலை இருக்காது. கடைசி ரெண்டு நாளில், வேலைகளைப் பட்டியலிடும் ஜிரா போர்டில் எல்லா டிக்கெட்டும் (ஒவ்வொன்றும் ஒரு வேலை) மொத்தமாக டெஸ்டிங் பக்கம் வந்து குவியும். டெவலப்பர் தன் பாயிண்டை எடுத்தாகிவிட்டது. வேலை முடியாமல் அடுத்த ஸ்பிரிண்டுக்கு ஸ்பில்ஓவர் ஆனால் கெட்ட பெயர் எங்களுக்கு. இத்தனைக்கும் கைடில் டெஸ்டர் என்று தனிப் பிரிவே இல்லை. பொருளை உருவாக்குகிற எல்லோருமே டெவலப்பர்கள்தான். கோட் எழுதி முடித்ததையே 'டன்' என்று எண்ணாமல், டெஸ்ட் முடிந்தால்தான் 'டன்' என்று டீமே பிடிவாதமாக இருந்தால், ஆறு டிக்கெட்டை ஒரே நேரத்தில் திறந்து வைக்கிற பழக்கம் தானாகக் குறையும். ரெண்டை எடு, முடி, அப்புறம் அடுத்தது.

சரி, மேனேஜருக்கு நிலவரம் தெரிய வேண்டாமா என்றால், வேண்டும்தான். போர்டைத் திறந்தாலே பாதி தெரியும். மீதிக்கு ஸ்பிரிண்ட் ரிவ்யூ இருக்கிறது, அங்கே ஓடுகிற சாஃப்ட்வேரையே பார்க்கலாம். கிளையன்ட் நேரத்துக்காக ராத்திரி ஒன்பது மணிக்கு இன்னொரு ஸ்டாண்டப் வைக்கும் கொடுமையைப் பற்றித் தனிப் பதிவே போடலாம்.

உங்கள் டீமில் இப்போது ஓடுகிற ஸ்பிரிண்டின் கோல் என்ன? போர்டைப் பார்க்காமல் கமெண்டில் சொல்லுங்கள். "எல்லா டிக்கெட்டையும் முடிப்பது" என்று எழுதினால் செல்லாது.