பழைய போனுக்கு யார் தருவார் பேரீச்சம்பழம்?

அம்மாவின் போனுக்கு நாலு வயசு. போன மாசம் பேட்டரி உப்பி, பின்மூடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. சர்வீஸ் சென்டரில் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "இந்த மாடலுக்கு இப்ப பார்ட்ஸ் வர்றதில்ல சார், எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டு புதுசு எடுத்துக்குங்க."

நேரே சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட். கடைத் தம்பி ஓரத்தை லேசாகச் சூடுகாட்டி, பழைய ஏடிஎம் கார்டு ஒன்றைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்பினார். அரை மணி நேரம், 850 ரூபாய். அன்று சாயங்காலமே அம்மா அதில் சித்தியோடு முக்கால் மணி நேரம் பேசியாயிற்று.

மின்கழிவு, அதாவது தூக்கிப்போடும் போன், டிவி மாதிரி சாமான்கள் என்றாலே "மக்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்று ஆரம்பிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்ற ஜனங்க இது. பழைய புடவையைப் போட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்கிய வீடுகள். மிக்ஸி ஜாருக்கு பிளேடு மாற்றி மாற்றியே பதினைந்து வருஷம் ஓட்டுகிறவர்களுக்கு யார் பாடம் எடுப்பது?

2022இல் உலகம் முழுக்கச் சேர்ந்த மின்கழிவு 6 கோடியே 20 லட்சம் டன்னாம். அதில் முறையாக மறுசுழற்சிக்குப் போனதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான் என்கிறது ஐ.நா. அறிக்கை. மிச்சத்தில் கொஞ்சம் என் மேஜை டிராயரில் கிடக்கிறது: மூன்று போன், ஒரு டேப்லெட். காயலான் கடையில் போட்டால், எங்கோ ஒரு கொட்டகையில் ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பவர் தலையில்தான் அந்தப் புகை விடியும். முறையான இடத்தில் கொடுக்கலாம் என்றால், ஆன் ஆகாத போனுக்குள் இருக்கும் போட்டோவையும் பேங்க் விவரத்தையும் எப்படி அழிப்பது? இதற்குப் பெயர் அலட்சியமா?

2023 ஏப்ரலில் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைத்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் அது பெரும்பாலும் பொருள் செத்த பிறகு போடும் கணக்கு. பிரான்சில் 2021இலேயே போன், லேப்டாப், வாஷிங் மெஷினுக்கெல்லாம் 'இதை எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம்' என்று 10க்கு மார்க் போட்டே விற்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்து ஃபிரிட்ஜில் ஸ்டாரை எண்ணி வாங்கப் பழகிய நாம், இந்த மார்க்கைப் பார்க்க மாட்டோமா என்ன? மார்க் ஒட்டச் சொல்லுங்கள், உதிரிபாகம் கிடைக்க வழி செய்யுங்கள். அப்புறம் எங்களைக் குறை சொல்லலாம்.

அதுவரை ஒரு உதவி. சென்னையில் கண்ணெதிரே மெமரியை அழித்துவிட்டு போனை வாங்கிக்கொள்ளும் இடம் யாருக்காவது தெரியுமா? டிராயர் மூட மாட்டேன் என்கிறது.