அந்த மூன்று மணி நேரம்

மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட்டில் ஒருவருக்கு மதிப்பெண் அதிகம் என்றால் அறிவும் அதிகம், அவர்தான் கல்லூரியிலும் சிறப்பாகப் படிப்பார் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பத்தொன்பது வருடமாக அரசுப் பள்ளியில் உயிரியல் எடுக்கும் என்னால் இதை ஏற்க முடியவில்லை.

180 கேள்விகள், 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறானால் 1 கழியும். கேள்விக்கு ஒரு நிமிடம்தான். அந்த வேகம் பழக்கத்தால் வருவது. முதல் தடவை 300-ஐத் தொடாத என் மாணவி ஒருத்தி, ஒரு வருடம் கோச்சிங் போய் 500-ஐத் தாண்டினாள். ஒரே வருடத்தில் அவள் அறிவு அவ்வளவு பெருகிவிட்டதா? அவள் அப்பா நிலத்தை அடகு வைத்துக் கட்டிய ஃபீஸும் அந்த மார்க்கில் சேர்ந்துதான் இருக்கிறது.

சரி, தேர்வு எதையுமே காட்டாது என்று நான் சொல்லவில்லை. அடிப்படை தெரியாதவர் கல்லூரியில் திணறத்தான் செய்வார். நம் பிளஸ் டூ தேர்விலும் மனப்பாடம் நிறையவே ஜெயிக்கிறது. ஆனால் 590 எடுத்தவரைவிட 610 எடுத்தவர் புத்திசாலி என்று எப்படிச் சொல்வது?

2020-ல் தமிழக அரசு அரசுப் பள்ளி மாணவர்களுக்காகக் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் என் மாணவர்கள் இருவர் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். நீட்டில் தகுதி பெற்றவர்கள்தான், மதிப்பெண் மட்டும் குறைவு. முதல் வருடம் ஆங்கிலப் புத்தகங்களோடு மல்லுக்கட்டினார்கள். ஒருவன் அனாடமியில் ஒருமுறை தோற்றான். அப்புறம் சீனியர்களிடம் கேட்டுக் கேட்டுப் படித்துத் தேறிவிட்டான். போன மாதம் போன் செய்தான். இரவு முழுக்கப் பிரசவ வார்டில் நின்றேன் டீச்சர் என்றான்.