கொம்புக்கு 344 துண்டு, மூஞ்சிக்கு ஒன்றுமில்லை

பிளாஸ்டிக் மாடல் டப்பாவின் மூலையில் கொட்டை எழுத்தில் "ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்கள்" என்று போட்டிருப்பதைப் பார்த்தாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இது பெருமை என்று யார் இவர்களுக்குச் சொன்னது? நான் வாங்குவது ஒரு டாங்கி. கட்டி முடித்தால் பார்க்க டாங்கி மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. எத்தனை துண்டாக உடைத்து என் தலையில் கட்டினாய் என்பதா தரம்?

இந்தப் பைத்தியம் பிடிக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப் போர்க்கால வண்டிகளையும் சிப்பாய்களையும் அசலில் 35-ல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக்கில் ஒட்டி, வண்ணம் பூசி வைப்பதுதான் எங்கள் வேலை. பீரங்கிக் குழாயோடு சேர்த்து எட்டரை மீட்டர் இருக்கும் டைகர் டாங்கி எங்கள் மேஜையில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட வரும். "ஏன் எப்போது பார்த்தாலும் ஜெர்மன்காரன் வண்டியையே கட்டுகிறாய்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அந்த ஆட்சியின் மேல் எனக்குத் துளி மரியாதையும் கிடையாது. ஆனால் கடைக்குப் போனால் அலமாரி முழுக்க அதுதான் நிற்கிறது. அசலில் மொத்தமே 1,347 டைகர்தான் செய்தார்கள். டப்பாக்களைப் பார்த்தால் ஜெர்மனி முழுக்க வீட்டுக்கு ஒன்று நின்றிருக்கும் என்று தோன்றும்.

விஷயத்துக்கு வருகிறேன். பாந்தர் டாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சங்கிலியில் பக்கத்துக்கு 86 கண்ணி, இரண்டு பக்கமும் சேர்த்து 172. சக்கரம் வழுவிப் போகாமல் இருக்க ஒவ்வொரு கண்ணியின் உள்பக்கத்திலும் இரண்டு கொம்பு நிற்கும். அசலில் அந்தக் கொம்புகள் உள்ளே பொள்ளல். கண்ணியோடு சேர்த்து வார்த்தால் அந்தப் பொள்ளல் சரியாக வராதாம். அதனால் கொம்புகளைத் தனிப் பாகமாகக் கொடுத்துவிட்டார்கள். 344 கொம்பு! ஒவ்வொன்றும் நொய்யரிசி அளவு.

பாகத்தை வெட்டியெடுக்கும் நிப்பரை வைத்து அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், கொம்பு கட்டிலுக்கு அடியில் போனதா, சட்டைப் பைக்குள் விழுந்ததா, கடவுளுக்கே வெளிச்சம். பறக்காமல் கையில் சிக்கியதை ட்வீஸரில் பிடித்து, வெட்டிய இடத்தில் நிற்கும் முளையைக் கத்தியால் சீவி, பசையில் தொட்டு, கண்ணியில் இருக்கும் ஊசிமுனைக் குழியில் நேராக நிறுத்த வேண்டும். இம்மி சாய்ந்தாலும் சங்கிலி சக்கரங்களுக்கு நடுவே இறங்காது. பசை ஒரு சொட்டு கூடிவிட்டால் மூட்டுக்குள் ஓடி அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். அப்புறம் டப்பாவில் போட்டிருக்கும் 'அசையும் சங்கிலி' அசையாச் சொத்துதான். இதை ஒரு தடவை செய்தால் வேடிக்கை. 344 தடவை செய்யச் சொல்வது தண்டனை.

சரி, இத்தனை பாடும் பட்டுக் கட்டி முடித்த பிறகு அந்தக் கொம்புகள் எங்கே இருக்கின்றன? கீழே தரையோடு கிடக்கும் பகுதியில் அவை சக்கரங்களுக்கு இடையே புதைந்துவிடும். மேல்பகுதி வண்டியின் விலாவுக்கு அடியில் போய்விடும். போதாக்குறைக்கு 1943-ல் சோவியத் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிகளுக்குப் பயந்து ஜெர்மன்காரர்கள் தொங்கவிட்ட பக்கவாட்டுத் தகடுகள் வேறு, திரை போட்ட மாதிரி. முன்பக்கப் பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு, பின்னால் இரண்டு என்று தலைகீழாகப் படுத்துப் பார்த்தால் தெரியலாம். அந்த நாலுக்காகத்தான் 344.

சக்கர விஷயத்தில் கம்பெனியை நான் குறை சொல்ல மாட்டேன். அது அசல் வண்டியின் கோணல். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் சக்கரங்களை வைத்தால் எடை பரவும், ஓட்டம் மெத்தென்று இருக்கும் என்று ஜெர்மன் பொறியாளர்கள் முடிவு செய்தார்கள். ஆரம்பக்கால டைகரில் பக்கத்துக்கு 24 சக்கரம்; பின்னால் எஃகு விளிம்புச் சக்கரம் வந்த பிறகுதான் அது 16 ஆனது. ரஷ்ய முனையில் சக்கரங்களுக்கு இடையே சேறு புகுந்து இரவில் உறைந்துபோய் வண்டி நகராமல் நின்ற கதையெல்லாம் உண்டு. உள்வரிசைச் சக்கரம் ஒன்று கெட்டால் அதைத் தொடுவதற்கே வெளிவரிசையில் பலவற்றைக் கழற்ற வேண்டும். அந்தச் சிப்பாய்கள் விட்ட வசவில் பாதியையாவது நாங்களும் விடுகிறோம். 48 சக்கரத்துக்கும் விளிம்பில் ஓடும் அச்சுக்கோட்டை, அதாவது அச்சின் இரு பாதியும் சேர்ந்த தடத்தை, உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, ரப்பர் வளையத்துக்குத் தனியாகக் கருஞ்சாம்பல் பூச வேண்டும். பக்கத்துக்கு ஐந்தே சக்கரம் உள்ள சோவியத் டாங்கி டி-34 கட்டுபவனைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். போகட்டும், அது வரலாறு, மாற்ற முடியாது. வரலாற்றில் இருக்கும் துன்பம் போதாதென்று கம்பெனிக்காரன் தன் பங்குக்கு எதற்குச் சேர்க்கிறான் என்பதுதான் என் கேள்வி.

இந்த அசையும் சங்கிலி மோகம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஷிசுவோகாவில் இருக்கும் தமியா நிறுவனம் முதன்முதலாக இந்த அளவில் ஒரு பாந்தரைக் கொண்டுவந்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும். அதற்கு வேண்டிய அகலத்தில் வந்து நின்ற அளவுதான் 1/35. பிறகு உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. அந்த வண்டி தரையில் ஓடியது, அதனால் சங்கிலி சுற்ற வேண்டிய நியாயம் இருந்தது. இன்று மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஆணி அடித்த மாதிரி நிற்கப்போகிற வண்டிக்குச் சுற்றும் சங்கிலி எதற்கு? சக்கரத்தை மேலும் கீழும் ஆடவிடும் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி எதற்கு? அந்த ஆட்டத்தால் எனக்குக் கிடைத்த ஒரே பலன், பதினாறு சக்கரத்தில் ஏழு தரையில் படாமல் அந்தரத்தில் தொங்குவதுதான்.

பழைய ரப்பர் மாதிரிச் சங்கிலியே தேவலாம் என்று சொல்ல வரவில்லை. அதுவும் ஒரு பீடைதான். சாதாரணப் பசை அதில் ஒட்டாது. சக்கரத்தின் மேல் தளர்ந்து படுக்காமல் விறைத்துக்கொண்டு நிற்கும். சில வகை, வருடக்கணக்கில் பட்டுக்கொண்டே இருந்தால் பிளாஸ்டிக் சக்கரத்தை உருக்கியே விடும். ஆனால் இதற்கு நடுவில் ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறதே! நேராக ஓடும் பகுதியை நீளத் துண்டாக, வேண்டிய தளர்ச்சியோடு வார்த்துவிடுவார்கள். வளைகிற இடத்துக்கு மட்டும் தனிக் கண்ணிகள். ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். செய்யத் தெரியாமலா இருக்கிறார்கள்? அப்படிச் செய்தால் டப்பாவில் ஆயிரம் என்று போட முடியாது, அதுதான் சங்கதி.

இதற்கெல்லாம் அப்பன் 'முழு உள்ளமைப்பு' கிட். என்ஜின், கியர்பாக்ஸ், ரேடியோ, இருக்கை, எல்லாம் உள்ளே உண்டு. டைகர் 92 குண்டுகளைச் சுமந்தது, அதனால் உங்களுக்கும் 92 குண்டு. ஒவ்வொன்றின் நீளத்துக்கும் ஓடும் அச்சுக்கோட்டைச் சுரண்டி, கூட்டுக்கு ஒரு நிறம், தலைக்கு ஒரு நிறம் பூசி, அடுக்கில் சொருக வேண்டும். சொருகியாயிற்றா? இப்போது டரட்டை, அதாவது பீரங்கிக் கோபுரத்தை, மாட்டி மேல்தளத்தை மூடுங்கள். முடிந்தது. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் ஓட்டுநர் இருக்கையின் முதுகு தெரியும். திறந்தே வைத்துக் காட்டினால் வண்டி பட்டறைக்கு வந்தது போல இருக்கிறது.

பித்தளைத் தகட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரவு போய்விடும், சுருக்கமாகச் சொல்கிறேன். கோடாரி, மண்வெட்டி, ஜாக்கி என்று ஜெர்மன் வண்டிகளின் முதுகெல்லாம் கருவிகள் தொங்கும். அவற்றைப் பிடித்திருக்கும் கவ்வியை முன்பு கருவியோடு சேர்த்தே வார்த்தார்கள். இப்போது கருவி மொட்டையாக வருகிறது, கவ்வியை மூன்று பித்தளைத் துணுக்காக மடித்து நாமே செய்துகொள்ள வேண்டும். சூப்பர் க்ளூ அந்தக் கவ்வியை விரலோடு ஒட்டுகிற வேகத்தில் வண்டியோடு ஒட்டுவதில்லை. விளக்கத்தாளோ இன்னும் மோசம். நான் கடைசியாகக் கட்டிய கிட்டில் பி-12 என்ற பாகத்தைச் சொன்ன இடத்தில் பி-21 தான் பொருந்தியது. அசலில் எந்த மாதம் செய்த வண்டியைக் கட்டுகிறோம் என்பதை இரண்டாம் படியிலேயே தீர்மானித்து உள்ளிருந்து ஓட்டை போட வேண்டும், ஆனால் எந்த ஓட்டை எந்த வண்டிக்கு என்கிற விவரம் இருபதாம் படியில்தான் வருகிறது.

இத்தனை துண்டுக்கும் காசு யார் கொடுப்பது? பாகம் கூடினால் விலை கூடும். அந்த விலையின் மேல்தான் இந்தியாவில் வரி விழுகிறது. இந்த மாடல்கள் சுங்கத்தில் பொம்மைகளோடு ஒரே தலைப்பில் வருகின்றன. 2020 பட்ஜெட்டில் அந்த வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. ஆக, யார் கண்ணிலும் படாத கொம்புக்கு நான் சுங்கமும் கட்டுகிறேன். பறந்துபோன ஒரு கொம்புக்கு மாற்று கேட்டு எழுதினால் விற்றவர் சொல்கிறார்: தனிப் பாகம் கிடையாது, பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் முழுச் சட்டத்தையும் வாங்குங்கள், அனுப்பும் செலவு தனி.

இதையும் பொறுத்துக்கொள்வேன், கண் போகிற இடத்தில் இதே கவனம் இருந்தால். அங்கேதான் கையை விரித்துவிடுகிறார்கள். 1943 பின்பாதியிலிருந்து 1944 செப்டம்பர் வரை ஜெர்மன் டாங்கிகளின் மேல் காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்க சிமெரிட் என்ற பசையை வரிவரியாகப் பூசினார்கள். வண்டி முழுக்கத் தெரிகிற சமாசாரம். எத்தனை கிட்டில் அது வருகிறது? பல டப்பாக்களில் உடம்பு வழுவழு என்றுதான் இருக்கும். வரி வேண்டுமென்றால் தனியாக வாங்கு, இல்லையென்றால் மாவு பிசைந்து நீயே கீறிக்கொள்.

அப்புறம் சிப்பாய்கள். வண்டியின் பக்கத்தில் ஒரு மனிதனை நிறுத்தினால் பார்க்கிறவர் கண் முதலில் அவன் மூஞ்சிக்குத்தான் போகும். ஐந்து சென்டிமீட்டர் ஆள், மூஞ்சி ஆறேழு மில்லிமீட்டர். எத்தனை கவனமாகச் செதுக்கியிருக்க வேண்டும்! டப்பாவிலிருந்து வருவதைப் பாருங்கள். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கீறல். மூக்கு வழித்துவிட்ட மாதிரி சரிவு. காதின் நடுவே அச்சுக்கோடு. அதைச் சுரண்டினால் காதும் சேர்ந்து போகும். கை விரல்கள் கையுறை போட்டது போல ஒரே கட்டி. அந்தக் கட்டிக்குள் எம்பி 40 துப்பாக்கியைச் சொருகச் சொல்கிறார்கள், தோள்வார் தருவதில்லை. இடுப்பில் மேலுடம்பும் கீழுடம்பும் சேரும் இடத்தில் விரல்நகம் போகிற சந்து.

வண்ணம் பூசுகிறவன் எங்கள் பக்கம் ஒழுங்காகத்தான் உழைக்கிறான். டாங்கிப் படையின் கறுப்புச் சட்டை தட்டையாகத் தெரியாமல் இருக்கக் கறுப்பில் கொஞ்சம் நீலமும் பழுப்பும் கலந்து மடிப்பு மடிப்பாக ஏற்றுகிறோம். காலரில் ஓடும் இளஞ்சிவப்புக் கரையை மூன்று மயிர் உள்ள தூரிகையால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறோம். அதற்கு மேலே கொண்டுபோய் அந்த உருகிய மூஞ்சியை வைத்தால் வயிறு எரியாதா? தீர்வு கேட்டால் அனுபவஸ்தர்கள் சிரிக்காமல் சொல்வார்கள்: ரெசின் பிசினில் வார்த்த தலை தனியாகக் கிடைக்கும், வாங்கி மாட்டிக்கொள். அதாவது ஆயிரம் பாகம் உள்ள டப்பாவை வாங்கிவிட்டு, தலைக்குத் தனிக் காசு!

பிளாஸ்டிக் வார்க்கும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற புண்ணியவான்களே, அந்தச் சங்கிலியை நாலு நீளத் துண்டாக வார்த்துக் கொடுங்கள். டார்ஷன் பாரை வண்டியின் அடியுடலோடு சேர்த்து ஒட்டிவிடுங்கள். 92 குண்டில் வாசல் பக்கம் தெரிகிற ஏழெட்டைக் கொடுத்தால் போதும். டப்பாவில் முந்நூறு பாகம் என்று போட்டாலும் இப்போது கேட்கும் அதே விலையைக் கொடுக்கிறேன், சுங்கத்தையும் கட்டுகிறேன். மிச்சமாகும் காசில் அந்தக் கமாண்டருக்கு ஒரு மூக்கு வைத்து அனுப்புங்கள்.