ஏரிக்கடியில் எண்பது ஆண்டுகள் கிடந்த மூவர்

1943 ஜூன் 12ஆம் தேதி இரவு ஜெர்மனியின் போகும் (Bochum) என்ற நகரத்தின் மீது குண்டு வீசச் சென்ற பிரிட்டிஷ் லங்காஸ்டர் விமானங்களுள் ஒன்று, ஈடி603 என்ற எண் கொண்டது, நெதர்லாந்தின் ஐசல்மீர் ஏரியில் விழுந்தது. அதில் இருந்த எழுவரில் நால்வரின் உடல்கள் பிறகு கிடைத்து அடக்கம் செய்யப்பட்டன. மற்ற மூவரும் காணாமற்போனவர்கள் பட்டியலிலேயே இருந்தார்கள். 2023இல் நெதர்லாந்து அரசு அந்த விமானத்தின் சிதைவுகளை வெளியே எடுத்தது. இத்தனை காலம் கழித்து மூன்று பேருக்காக இவ்வளவு செலவு தேவையா என்று கேட்கிறார்கள். தேவை என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

அந்த விமானத்திலிருந்து தப்புவது எத்தனை அரிது என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று குண்டுவீச்சுப் படைத் தலைமையகத்தில் புள்ளிவிவரங்களை ஆராய்ந்த இளைஞரும் பின்னாளில் புகழ்பெற்ற இயற்பியலாளருமான ஃப்ரீமன் டைசன், சுடப்பட்டு விழுந்த ஹாலிஃபாக்ஸ் என்ற மற்றொரு வகைக் குண்டுவீச்சு விமானங்களிலிருந்து ஏறத்தாழ நான்கில் ஒருவர் உயிர் தப்பியபோது, லங்காஸ்டரிலிருந்து நூற்றுக்குப் பதினைந்து பேரே தப்பினார்கள் என்று பதிவு செய்திருக்கிறார். லங்காஸ்டரின் முன்பக்க அவசர வாயில் 22 அங்குல அகலமே கொண்டது. ஹாலிஃபாக்ஸின் வாயிலைவிட இரண்டு அங்குலம் குறைவு. கனத்த உடையும் பாராசூட்டுமாக, இருட்டில், நிலைகுலைந்து சுழலும் விமானத்துக்குள் அந்த வாயிலைத் தேடிச் சென்றவர்களில் பெரும்பாலோர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். அக்குறையை நீக்கப் போதிய வேகம் காட்டாத அதிகாரிகளை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் மட்டும் அந்தப் போரில் 55,573 பேர் மாண்டார்கள். கல்லறையே இல்லாத விமானப்படையினரின் பெயர்கள், எல்லாப் பிரிவுகளையும் சேர்த்து, லண்டனுக்கு அருகிலுள்ள ரன்னிமீட் நினைவகத்தில் இருபதாயிரத்துக்கும் மேல் பொறிக்கப்பட்டுள்ளன.

இவர்கள் வீசிய குண்டுகளுக்கு வீடுகளில் உறங்கிய குழந்தைகளும் பலியானார்களே என்பது நியாயமான கேள்வி. அடுத்த மாதமே ஹாம்பர்க்கில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். அதை மறைத்துக்கொண்டு இந்த இளைஞர்களுக்காக வருந்துவது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் நகரங்களை இலக்காகத் தேர்ந்தவர்கள் மேலிடத்தில் இருந்தார்கள். அந்தத் தீர்மானத்துக்கான தண்டனையை எலும்புகளைச் சேற்றிலேயே விட்டுவைத்து ஒரு குடும்பத்தின்மேல் சுமத்த முடியாது.

நெதர்லாந்து மண்ணிலும் நீரிலும் போர்க்காலத்தில் விழுந்த விமானங்கள் ஏறத்தாழ 5,500. காணாமற்போனவர்களின் எச்சங்கள் கிடைக்க நல்ல வாய்ப்புள்ள முப்பது முதல் ஐம்பது விமானங்களை மட்டும் அந்நாடு தேர்ந்துகொண்டு, வெடிக்காத குண்டுகளின் ஆபத்துக்கு நடுவே, அள்ளிய சேற்றைச் சலித்துத் தேடுகிறது. 2020இல் மார்க்கர்மீர் ஏரியிலிருந்து ஸ்டிர்லிங் பிகே716 என்ற குண்டுவீச்சு விமானம் இப்படித்தான் எடுக்கப்பட்டது. இவர்களைப் போருக்கு அனுப்பிய பிரிட்டனோ, விழுந்த விமானங்களைத் தோண்டியெடுக்கும் பணியை வழக்கமாகத் தானே மேற்கொள்வதில்லை. மீதமுள்ள விமானங்களுக்கான செலவில் ஒரு பங்கையாவது அந்நாடு ஏற்க வேண்டும். அதுவும் அந்த வீரர்களை நேரில் அறிந்த உறவினர் ஓரிருவராவது உயிரோடு இருக்கும்போதே.