பத்தாண்டு வரம்பு யாருக்கு?

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் சேர்க்கை தொடங்கினால் போதும், "கல்வி, வேலை இடஒதுக்கீடு பத்தாண்டுகளுக்கு மட்டுமே என்றுதான் அரசமைப்புச் சட்டம் சொன்னது" என்ற வாட்ஸ்அப் செய்தி வலம்வரத் தொடங்கிவிடுகிறது. இது தவறு. பத்தாண்டு வரம்பு இடம்பெற்ற 334-ஆவது பிரிவு மக்களவை, சட்டமன்றத் தனித்தொகுதிகளையும் ஆங்கிலோ-இந்திய நியமனத்தையும் பற்றியது. தனித்தொகுதிகளை 104-ஆவது திருத்தம் 2030 வரை நீட்டித்தது. வேலைக்கான 16(4)-இலோ, கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பகிர்ந்தளித்த சென்னை மாகாண வகுப்புவாரி ஆணையை உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தீர்ப்பளித்ததையடுத்து 1951-இல் சேர்க்கப்பட்ட கல்விக்கான 15(4)-இலோ கால வரம்பே கிடையாது. செய்தியைப் பரப்புவோர் அந்தப் பிரிவுகளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை போலும். இடஒதுக்கீடு ஏன் கேட்கப்பட்டது என்பதற்கும் நெல்லைச் சீமையிலேயே சான்று உண்டு: காங்கிரஸ் நன்கொடையும் பெற்று நடந்த சேரன்மாதேவி குருகுலத்தில், 1920-களில், பிராமண மாணவர்க்குத் தனிப்பந்தி போடப்பட்டது.