வேகத்துக்குத் திசை உண்டா, இல்லையா?

போன தவணையில் தரம் 10க்கு நேர்கோட்டு இயக்கம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். "வேகம் ஒரு காவிக்கணியம், அதற்குத் திசை உண்டு" என்று கரும்பலகையில் எழுதி முடிக்கவில்லை, கடைசி வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பினாள். "டீச்சர், யூடியூப்ல வேகத்துக்குத் திசை இல்லைன்னு சொன்னாங்க. நோட்டுலயும் எழுதிட்டேன்."

அவள் மேல் பிழையில்லை. அந்தக் காணொளியிலும் பிழையில்லை. அதை வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போட்டதே நான்தான்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் வேகம் திசையில்லாதது. திசையோடு சேர்த்துச் சொன்னால் அது திசைவேகம். இலங்கையில் எங்கள் பாடநூலில் திசையில்லாதது கதி, திசையுள்ளதுதான் வேகம். நான் முதல் இரண்டு நிமிடத்தைப் பார்த்தேன், விளக்கம் தெளிவாக இருந்தது, தமிழ்தானே என்று அனுப்பிவிட்டேன். ஆர்முடுகலை அங்கே முடுக்கம் என்பார்கள், மூலகத்தைத் தனிமம் என்பார்கள், ஒளித்தொகுப்பு அங்கே ஒளிச்சேர்க்கை. இதெல்லாம் பரவாயில்லை. சொல் வேறாக இருந்தால் பிள்ளை "இது என்ன டீச்சர்?" என்றாவது கேட்கும். சொல் ஒன்றாக இருந்து பொருள் மாறினால்தான் ஆபத்து. அது சத்தமில்லாமல் விடைத்தாள் வரை போய்விடும்.

இப்போது எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் ஒரு வசனம் காதில் விழுகிறது: "ஆசிரியர்களுக்கு எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது." கிடக்கிறதுதான், இல்லை என்று சொல்லவில்லை. பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் இறக்கலாம். ஆசிரியர் வழிகாட்டிகளைத் தேசிய கல்வி நிறுவகம் போட்டிருக்கிறது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்ற இணையக் கற்றல் தளம் இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் தளத்தில், தேடப் பொறுமை இருந்தால், ஈழத்துப் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் கிடைக்கும்.

எனக்குப் பிடித்தது ஃபெட் (PhET), விஞ்ஞானப் பரிசோதனைகளைத் திரையில் செய்து பார்க்கிற தளம். கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற பௌதிக அறிஞர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. அதன் மின்சுற்றுப் பரிசோதனையைப் பென்டிரைவில் இறக்கி வைத்துக்கொண்டால் இணையமே தேவையில்லை. எங்கள் ஆய்வுகூட அலுமாரியில் நல்ல நிலையில் இருப்பது ஒரேயொரு அம்பியர்மானி. நாற்பது பிள்ளைகள் அதைச் சுற்றி நின்றால் முன்வரிசைக்கு மட்டும்தான் முள் தெரியும். புரொஜெக்டரில் ஃபெட்டைப் போட்டு, மின்கலத்தைத் திருப்பி வைத்ததும் இலத்திரன்கள் எதிர்ப்பக்கம் ஓடத் தொடங்கின. வகுப்பே "ஆ" என்றது. பதினைந்து வருடம் சோக்கால் கீறிக் காட்டியும் அந்தச் சத்தம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆகவே நான் இணையத்துக்கு எதிரி இல்லை. கிடக்கிற பொருளை எடுத்து என் வகுப்புக்கு அளவாக வெட்டித் தைப்பது யார் வேலை, அதை எந்த நேரத்தில் செய்வது, இதை யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். அன்றைக்குப் பிறகு எந்தக் காணொளியையும் முழுக்கப் பார்க்காமல் அனுப்புவதில்லை. பத்து நிமிடக் காணொளிக்குச் சொற்குறிப்பு எழுத முக்கால் மணித்தியாலம் போகிறது. வீட்டில் சோறு வேகும் நேரம் அது. ஒரு பாடத்துக்கு இப்படி என்றால் தவணைக்கு எத்தனை பாடம்?

பிள்ளைகள் பக்கத்திலும் 'இலவசம்' என்ற சொல் அவ்வளவு சுலபமாக ஒட்டுவதில்லை. தேயிலைக் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் என்று பயப்படுகிற அம்மா, ரீலோட் போட்டால்தான் அந்த 'இலவச' காணொளி ஓடும். தோட்டத்து லய வீட்டில் சிக்னல் இல்லை, கோயில் மேட்டுக்குத்தான் ஏற வேண்டும். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பா வந்த பிறகு. 2020இல் பாடசாலை மூடியபோது இதைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். பாடசாலை திறந்ததும் மறந்துவிட்டார்கள். அதனால் நான் இப்போது காணொளியை நம்புவதில்லை, ஒரு பக்கச் செயலட்டையைத்தான் நம்புகிறேன். போட்டோகொப்பிக் காசு என் பையிலிருந்து போகிறது, சரி, அது வேறு கதை.

நம்மவர்களோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. மலையகத்தில் அருமையான செயலட்டை தயாரிக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது நம் கைக்கு எப்படி வந்து சேருகிறது? பக்கத்தின் குறுக்கே டியூஷன் வகுப்பின் பெயரும் தொலைபேசி இலக்கமும், அதன் கீழே மங்கலாகக் கேள்வி. எட்டுக் குழு சுற்றி வந்த படம். ஒரு சொல்லை மாற்ற வழியில்லை. வேர்ட் கோப்பாகவே அனுப்புகிற புண்ணியவான்கள் யுனிகோட் இல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடித்திருப்பார்கள். போனில் திறந்தால் 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் நடுவில் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். தேடினால் கிடைக்காது, வெட்டி ஒட்ட முடியாது. நான் திரும்ப அடிக்கிறேன். பண்டாரவளையில் இன்னொருவர் அதையே அடிக்கிறார், மஸ்கெலியாவில் வேறொருவர்.

ஸ்டோரிவீவர் என்ற கதைத் தளத்தைப் பாருங்கள். இந்தியாவின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கியது, தமிழிலும் நிறையக் கதைகள். எழுதியவர் பெயரைப் போட்டுவிட்டு யாரும் எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றலாம் என்று உரிமத்திலேயே இருக்கிறது. ஆரம்பப் பிரிவு டீச்சர் ஒருவர் அதிலிருந்து ஒரு கதையை எடுத்து, எங்கள் பிள்ளைகள் வீட்டில் பேசுகிற சொற்களைப் போட்டு வாசிக்கக் கொடுத்தார். இரண்டாம் வகுப்பு அதை மூன்று நாள் விடவில்லை. நம் செயலட்டைக்கும் அதே வழிதான் வேண்டும். பெயரைக் கீழே சின்னதாகப் போடுங்கள், கோப்பைத் திறந்து விடுங்கள்.

என் பங்குக்கு, தரம் 10, 11 விஞ்ஞானத்துக்கு நம் சொல்லையும் தமிழ்நாட்டுச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். இரசாயனப் பகுதி பாதியில் நிற்கிறது. வேண்டியவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், யுனிகோடில் வேர்ட் கோப்பாகவே தருகிறேன். பிழை கண்டால் திருத்தி எனக்கும் ஒன்று அனுப்புங்கள். தயவுசெய்து பாமினியில் வேண்டாம்.